கமெண்ட் போட்டவர்கள் எல்லாம் நல்லவர்கள்தான்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. பேசும்போது இழுத்த இடங்களை வெட்டிவிட்டேன், மற்றபடி அப்படியே எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். ‘இணைய வன்முறையும் இளைய தலைமுறையும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இளைய தலைமுறையைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுவோம், அவர்களிடம் அப்புறம் வருகிறேன். இந்த அரங்கில் முக்கால்வாசிப் பேர் என் வயதுக்காரர்கள், கையில் போன் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை, அதனால் முதலில் நம் கதையைப் பேசிவிடுவதுதான் நியாயம்.

2024 ஏப்ரல் கடைசியில் ஒரு வீடியோ வந்தது, நினைவிருக்கும். சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மேல் வீட்டு பால்கனியில் அம்மாவின் கையிலிருந்து நழுவிய கைக்குழந்தை, கீழே போட்டிருந்த ஷீட் கூரையின் விளிம்பில் வந்து கிடக்கிறது, இன்னும் கொஞ்சம் சறுக்கினால் தரைதான். கீழே ஆட்கள் ஆளுக்கொரு முனையாகப் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறார்கள். முதல் மாடி ஜன்னல் வழியாக ஒருவர் வெளியே வந்து, கால் வைக்க இடமில்லாத இடத்தில் கால் வைத்து, எட்டி, குழந்தையைப் பிடித்து இழுத்துவிடுகிறார். பார்த்த நமக்கெல்லாம் அப்போதுதான் மூச்சு வந்தது.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாலு பேர் சொல்லியிருந்தால் போதும். ஆனால் வீடியோ ஊரெல்லாம் சுற்றச் சுற்ற, பேச்சு காப்பாற்றியவர்களை விட்டுவிட்டு அந்தத் தாயின் பக்கம் திரும்பியது. குழந்தையைக் கவனிக்காமல் அப்படி என்ன வேலை, இவளெல்லாம் ஒரு தாயா, இந்த மாதிரி கமெண்டுகள் எப்படி இருக்கும் என்று நான் படித்துக் காட்ட வேண்டியதில்லை. மூன்று வாரம் கழித்து, கோவை மாவட்டம் காரமடையில் தன் பெற்றோர் வீட்டில் இருந்த அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். மன உளைச்சலில் இருந்தார் என்று செய்திகள் சொல்லின. ஒரு தற்கொலைக்கு ஒரே ஒரு காரணத்தைக் கைகாட்டக் கூடாது, மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதுதான், நானும் கைகாட்டவில்லை. ஆனால் அந்த மூன்று வாரம் அவர் போனைத் திறந்தபோதெல்லாம் என்ன பார்த்திருப்பார் என்பதை யூகிக்க மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கமெண்டுகளை யார் எழுதினார்கள்? காசு கொடுத்து யாரும் ஆள் வைக்கவில்லை. எந்தக் கட்சியின் ஐடி விங்குக்கும் அந்தப் பெண்மீது பகை கிடையாது. எழுதியவர்கள் குழந்தைகள்மேல் பாசம் உள்ளவர்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள், தாய்மார்கள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து போனைத் திறந்தவர்கள். ஒரு குழந்தைக்காகப் பரிந்து பேசுகிறோம் என்று மனதார நம்பிக்கொண்டு, ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போனவர்கள். அந்த ஒரு வரி எழுதியவருக்கு ஒரு வரிதான். வாங்கியவருக்கு அப்படியில்லை, எல்லாம் அவர் ஒருத்தர் தலையில்தான் வந்து விழுந்தன.

ட்ரோல் என்றதும் நம் மனதில் ஒரு உருவம் வருகிறது: வேலை வெட்டி இல்லாத, முகம் தெரியாத, ஃபேக் ஐடியில் ஒளிந்துகொண்டிருக்கும் ஒரு வக்கிரப் பிறவி. அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று சொல்லமாட்டேன். கனடாவில் பக்கெல்ஸ் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள், ட்ரோல் செய்வதில் மகிழ்ச்சி அடைவதாகச் சொன்னவர்களிடம் பிறர் துன்பத்தை ரசிக்கும் குணம் தூக்கலாக இருந்தது என்று. சரி, அது ஒரு சிறு கூட்டம். மீதி?

மீதிக்கு 2017-ல் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்களைக் கூப்பிட்டு முதலில் ஒரு வினாடி வினா கொடுத்தார்கள். சிலருக்கு எளிதான கேள்விகள், சிலருக்கு மண்டை காயவைக்கும் கேள்விகள், கடைசியில் ‘நீங்கள் சுமாருக்கும் கீழே’ என்று ஒரு மதிப்பெண் வேறு. அதாவது வேண்டுமென்றே கடுப்பேற்றினார்கள். அப்புறம் ஒரு செய்தியைப் படிக்கவைத்துக் கமெண்ட் எழுதச் சொன்னார்கள். சிலருக்கு அந்தச் செய்தியின் கீழ் ஏற்கெனவே வம்புக் கமெண்டுகள் இருந்தன, சிலருக்குச் சாதாரணக் கமெண்டுகள். நல்ல மனநிலையில் இருந்து, சாதாரணக் கமெண்டுகளைப் பார்த்தவர்களிலேயே 35 சதவீதம் பேர் ட்ரோல் என்று வகைப்படுத்தக்கூடிய எதையோ எழுதினார்கள். கடுப்பும் சேர்ந்து, மேலே வம்புக் கமெண்டும் இருந்தபோது அது 68 சதவீதம். ஆள் அதே மாதிரி ஆள்தான். சிஎன்என் செய்தித் தளத்தில் வந்த 1 கோடியே 60 லட்சம் கமெண்டுகளையும் அவர்கள் அலசினார்கள், இரவு ஏற ஏற வம்பும் ஏறுகிறது, காலையில் இறங்கிவிடுகிறது. பதினோரு மணிக்கு மேல் நாம் எழுதுகிற கமெண்டுகளைக் காலையில் பல் தேய்த்துவிட்டு எடுத்துப் படித்தால் பலருக்குக் கூச்சமாக இருக்கும்.

நேரில் ஒருவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வோமா? மாட்டோம். ஏன் மாட்டோம் என்பதை ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-லேயே எழுதிவிட்டார். நேரில் பேசும்போது எதிரில் இருப்பவர் கண் கலங்கினால் நமக்கு வார்த்தை தானாக நின்றுவிடும். எழுத்தில் அந்தக் கண் கிடையாது. எழுதிப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம், அவர் படிக்கும் நேரத்தில் நாம் காய்கறி வாங்கிக்கொண்டிருப்போம். அதோடு எதிராளி நம் மனதுக்குள் ஒரு கற்பனை உருவமாகிவிடுகிறார், அந்த உருவத்தோடுதான் சண்டை போடுகிறோம். சூலர் சொன்ன இன்னொன்றை நம் ஆட்கள் மேற்கோள் காட்டும்போது விட்டுவிடுவார்கள்: இதே கூச்சம் விட்டுப்போவதால்தான் முன்பின் தெரியாதவரிடம் தன் கஷ்டத்தைச் சொல்லி ஆறுதல் தேடவும் மனிதரால் முடிகிறது. ஒரே கதவு வழியாகத்தான் இரண்டும் வருகின்றன. ஆகவே கதவைப் பூட்டு என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கை உண்டு.

கலாய்ப்பதே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை, அப்படிச் சொன்னால் முதலில் நீங்கள் என்னைக் கலாய்ப்பீர்கள். வசைபாடக் காளமேகம் என்று புலவரையே அதற்காகக் கொண்டாடிய மொழி நம்முடையது. 2019 மே மாதக் கடைசியில் நேசமணி தலையில் சுத்தியல் விழுந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட கட்டுமானப் பொறியியல் பக்கம் ஒன்று சுத்தியலின் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்கிறது, நம்மாள் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, இது விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணி அடிபட்டார் என்று சீரியஸாக எழுதுகிறார், விவரம் தெரியாத ஒருவர் அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க, ராத்திரியோடு ராத்திரியாக அவருக்காகப் பிரார்த்தனை உலகம் முழுக்க ட்ரெண்டிங். அதில் அடிபட்டவர் யார்? ஒரு சினிமா கதாபாத்திரம். அதுவும் ட்ரோல்தான், என்னைக் கேட்டால் அது கலை. அதிகாரத்தில் இருப்பவர் மேடையில் உளறியதை மீம் போடுவதும் அதே வகை, அவர் திருப்பிப் பதில் சொல்லப் பத்து மைக் இருக்கிறது. ஆனால் பால்கனியில் நின்ற ஒரு பெண்ணிடம் எத்தனை மைக் இருந்தது?

இதைச் சட்டத்திலும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் வழக்கறிஞர் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. எரிச்சலூட்டும், அசௌகரியம் தரும் செய்தியை அனுப்பினாலே மூன்று வருடம் வரை உள்ளே போகலாம். 2012-ல் மும்பை முழு அடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்ட தோழியையும் இதில் கைது செய்தார்கள். அதே வருடம் புதுச்சேரியில் ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்ட தொழில்முனைவர் ஒருவர் விடிகாலையில் கைது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது, நல்ல காரியம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தப்பான எண்ணம் பரவிவிட்டது, இணையத்தில் என்ன எழுதினாலும் சட்டம் கேட்காது என்று. அப்படியெல்லாம் இல்லை.

இந்தியாவில் இணையத் துன்புறுத்தலுக்காக ஒருவருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்த முதல் வழக்குகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது, பலருக்குத் தெரியாது. 2004. விவாகரத்தான ஒரு பெண்ணின் பெயரில் போலி மின்னஞ்சல் தொடங்கி, யாஹூ குழுக்களில் அசிங்கமாக எழுதி, அவருடைய போன் நம்பரையும் போட்டுவிட்டார் ஒருவர். அவ்வளவுதான், முன்பின் தெரியாத ஆண்கள் போன் மேல் போன். எழுதியவர் யார் என்று போலீஸ் பிடித்துப் பார்த்தால் குடும்ப நண்பர், திருமணம் செய்துகொள்ளக் கேட்டு மறுக்கப்பட்டவர். பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களின் சாட்சியம்கூட வழக்கில் இருந்தது, அந்தக் காலம் அப்படி. எழும்பூர் நீதிமன்றம் அந்த வருடம் நவம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது, இரண்டு வருடச் சிறை. புகார் வந்து சுமார் ஏழு மாதத்தில். இப்போது இருக்கும் வேகத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

அந்த வழக்கை நான் எப்போதும் சொல்வதற்கு இரண்டு காரணம். துன்புறுத்துகிறவர் பெரும்பாலும் தெரிந்த ஆளாகத்தான் இருப்பார்: முன்னாள் காதலர், சொந்தக்காரர், கூடப் படித்தவர், ஆபீஸில் பக்கத்து நாற்காலி. அடுத்தது, போன் செய்த அத்தனை ஆண்கள். அவர்களில் ஒருவர்மீதும் வழக்கு இல்லை. ஒருவர் பற்றவைத்தார், ஊதியவர்கள் பலர், ஊதியவர்களுக்கு ஊதியதே ஞாபகம் இருந்திருக்காது. படித்தவர்கள் இதைச் செய்யமாட்டார்கள் என்று யாராவது சொன்னால், பாடகி சின்மயி 2012-ல் சென்னைக் காவல் ஆணையரிடம் கொடுத்த புகாரில் கைதானவர்களில் ஒருவர் கல்லூரிப் பேராசிரியர் என்பதை நினைவுபடுத்துங்கள்.

இன்னொரு வழக்கு. 2018-ல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிக் கேவலமாக யாரோ எழுதிய பதிவொன்றை, நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான ஒருவர் தன் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். படிக்காமல் ஃபார்வர்ட் செய்துவிட்டேன் என்பதுதான் அவர் வாதம். நாம் எல்லோரும் சொல்கிற அதே சாக்கு. முன்ஜாமீன் மனுவிலேயே சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்வது அதை ஏற்றுக்கொண்டு வழிமொழிவதற்குச் சமம் என்று சொன்னது. உச்ச நீதிமன்றம் வரை போயும் வழக்கு ரத்தாகவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15 ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. பதிவு எழுதியவருக்கு அல்ல, பகிர்ந்தவருக்கு! கும்பலோடு கோவிந்தா போட்டால் கணக்கில் வராது என்று நினைக்கிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும்.

சரி, எல்லாப் பழியையும் நம் தலையிலேயே போட்டுக்கொள்ளவும் வேண்டாம். கும்பல் தானாகக் கூடுவதில்லை, கூட்டி வைக்கிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. 2017-லிருந்து ஃபேஸ்புக் ஒரு பதிவை எத்தனை பேருக்குக் காட்டலாம் என்று கணக்குப் போடும்போது, ஒரு லைக்குக்கு ஒரு புள்ளி என்றால் கோப முகத்துக்கு ஐந்து புள்ளி கொடுத்தது. 2021-ல் வெளியே வந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களில் இது இருந்தது. பல வருடம் கழித்துத்தான் கோபத்தின் மதிப்பைச் சைபராக்கினார்கள். யோசித்துப் பாருங்கள், நமக்குக் கோபம் வந்தால் அவர்களுக்கு ஐந்து மடங்கு லாபம். யேல் பல்கலைக்கழகத்தில் பிராடி, குரோக்கெட் ஆகியோர் 2021-ல் வெளியிட்ட ஆய்வு ட்விட்டரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பார்த்தது. கோபப் பதிவுக்கு லைக்கும் பகிர்வும் கிடைத்தவர்கள் அடுத்தடுத்த நாட்களில் இன்னும் கோபமாக எழுதினார்கள். யாரும் பிறக்கும்போதே வைத்துச் செய்யக் கற்றுக்கொண்டு வருவதில்லை, லைக் கொடுத்துக் கொடுத்து நாம்தான் பழக்குகிறோம்.

தமிழில் இன்னொரு தலைவலி. நிறுவனங்கள் வசவுகளை இயந்திரம் வைத்துத்தான் முதலில் வடிகட்டுகின்றன. நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், ஒரே கெட்ட வார்த்தைக்குப் பத்து ஸ்பெல்லிங், நடுவில் ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம், இயந்திரம் முழிக்கும். சாதியைச் சொல்லித் திட்டுவதற்கு நேரடி வார்த்தையே தேவையில்லை, ஓர் ஊர்ப்பெயரோ உணவின் படமோ போதும், யாரைச் சொல்கிறார்கள் என்று நமக்குப் புரியும், வெளியூரில் உட்கார்ந்து பரிசீலிப்பவருக்குப் புரியாது. புகார் கொடுத்தால் ‘எங்கள் விதிகளை மீறவில்லை’ என்று ஒரு பதில் வரும். வாங்கியவர்களுக்கு அந்தப் பதிலின் எரிச்சல் தெரியும்.

பெண்கள் வாங்குவது தனி ரகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு 2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு வந்த ட்வீட்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் எடுத்து ஆராய்ந்தது. 13.8 சதவீதம் இழிவானவை, அதாவது ஏழுக்கு ஒன்று. இஸ்லாமியப் பெண்களுக்கு இன்னும் அதிகம். ஒரு ஆண் தலைவரைத் திட்டும்போது அவருடைய கொள்கையைத் திட்டுவார்கள், கூடிப்போனால் அவர் அம்மாவைத் திட்டுவார்கள், அங்கேயும் ஒரு பெண்தான் மாட்டுகிறார் பாருங்கள். பெண் தலைவரைத் திட்ட அவர் உடம்பே போதும்.

இனி இளைய தலைமுறை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவள் அப்பா என்னிடம் அழைத்து வந்தார். பள்ளி விழாவில் சாப்பிடும்போது யாரோ எடுத்த போட்டோ, வாய் நிறைய சோறு, கண் பாதி மூடியிருக்கிறது. கூடப் படிக்கும் பையன் ஒருவன் அதைச் சுற்றி வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான், அடியில் ஒரு பட்டப்பெயர். வகுப்புக் குழுவில் யாராவது குட் மார்னிங் போட்டால் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர். நாளைக்கு டெஸ்ட் என்றால் ஸ்டிக்கர். யாருக்கோ பிறந்தநாள் என்றால் ஸ்டிக்கர். அவள் ஏதாவது எழுதினால் வரிசையாகப் பத்துப் பேர். ஸ்டிக்கருக்கு ஒரு குணம் உண்டு, ஒருதடவை அமுக்கிச் சேமித்துக்கொண்டால் யார் செய்தது என்பதே தெரியாமல் குழு விட்டுக் குழு போகும், அது டியூஷன் குழுவுக்குப் போனது, அங்கிருந்து வேற்றுப் பள்ளிப் பையன்களிடம் போனது, அவளைப் பார்த்தே இராதவர்கள் அவள் முகத்தைச் சிரிப்புக்குப் பதிலாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்த பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க அங்கிள்” என்றாள்.

இது அவள் ஒருத்தியின் பதில் இல்லை, என்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லோருடைய பதிலும் இதுதான். அடி வாங்கியது அவள், தண்டனையும் அவளுக்கே என்றால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? நீங்கள் இன்று ராத்திரி வீட்டுக்குப் போய் ஒன்று செய்யலாம், என்ன நடந்தாலும் போனைப் பிடுங்கமாட்டேன் என்று பிள்ளையிடம் வாயால் சொல்லிவிடுங்கள், மனதில் நினைத்தால் பிள்ளைக்குத் தெரியாது. அந்த ஸ்டிக்கர் பையனையும் பார்த்தேன். வகுப்பில் நன்றாகப் படிக்கிறவன், பெரியவர்களைப் பார்த்தால் எழுந்து நிற்கிறவன். ஜாலிக்குத்தான் செய்தேன் என்றான், பொய் சொல்லவில்லை. அவனுக்கு அது ஒருதடவை வெட்டிய படம், அவ்வளவுதான்.

என்ன செய்வது என்று கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதில் எழுதாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். பலர் அவமானம் தாங்காமல் முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அப்புறம் வருகிறார்கள், கையில் ஒன்றும் இருக்காது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தப் பதிவின் லிங்க், எழுதியவரின் ப்ரொஃபைல் லிங்க் இரண்டையும் காப்பி செய்து வையுங்கள், பெயரையும் போட்டோவையும் அவர் நிமிடத்தில் மாற்றிவிடுவார். தேதியும் நேரமும் தெரியும்படி எடுங்கள். நீதிமன்றத்துக்குப் போனால் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், முன்பு 65பி என்போம், இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ம் பிரிவு, அதனால் அந்தப் போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் நிற்காது, விலைதான் ஏறும். ஸ்டாப் என்சிஐஐ என்று ஒரு சேவை 2021-லிருந்து இருக்கிறது, படத்தை நீங்கள் யாருக்கும் அனுப்ப வேண்டாம், உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு எண்களால் ஆன ஓர் அடையாளம் உருவாகி அது மட்டும் போகும், சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படம் ஏறினால் தடுப்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அதற்கு டேக் இட் டவுன் என்று தனியாக இருக்கிறது. மத்திய அரசின் 2021 விதிகளின்படி, இப்படிப்பட்ட படங்களைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ புகார் கொடுத்தால் நிறுவனம் இரண்டு மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் (2026 பிப்ரவரி வரை 24 மணி நேரமாக இருந்தது), பெரிய சமூக ஊடக நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் இந்தியாவில் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். மனம் தாங்காத நிலை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

கேள்வி நேரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். ஆதார் இல்லாமல் யாரும் கணக்கே தொடங்க முடியாது என்று செய்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடுமே என்றார். கைதட்டல்கூட வந்தது.

ஐயா, தென் கொரியா அதைச் செய்து பார்த்துவிட்டது என்றேன். 2007-ல் பெரிய தளங்களில் கமெண்ட் போட அடையாள எண் கட்டாயம். அடுத்த வருடமே நடிகை சோய் ஜின் சில் வதந்திகளுக்கும் வசவுகளுக்கும் நடுவே இறந்துபோனார், சட்டம் அமலில் இருக்கும்போதே. கமெண்டுகளில் வசவு குறைந்தது என்னவோ துளிதான். ஆனால் அத்தனை பேருடைய அடையாளமும் ஓரிடத்தில் குவிந்ததா, 2011-ல் திருடர்கள் புகுந்து மூன்றரைக் கோடிப் பேரின் விவரத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. 2019-ல் பாடகி சல்லி இறந்த பிறகு டவும் என்ற பெரிய தளம் பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே கமெண்ட் பெட்டியையே மூடியது. அது ஓரளவு பேசத்தக்க வழி, எல்லாச் செய்திக்கும் எல்லோரும் கருத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? தவிரவும், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களைப் பாருங்கள், அங்கே யார் ஃபேக் ஐடி? பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் சொந்தப் பெயரில், சொந்தப் போட்டோவோடுதான் எழுதுகிறார்கள். பெயரை மறைக்க முடியாமல் போனால் வாயை மூட வேண்டியிருப்பது யாருக்கு என்றால், கணவனின் அடியைப் பற்றி எழுதும் பெண்ணுக்கும், ஊரில் நடந்த சாதிக் கொடுமையை வெளியே சொல்லும் பையனுக்கும்தான்.

கடைசியாக, பின்வரிசையிலிருந்து ஒரு பெண், ஸ்டேஷனுக்குப் போனால் “பிளாக் பண்ணிட்டுப் போம்மா”ன்னு சொல்றாங்களே சார், என்ன பண்றது என்று கேட்டார். சொல்வார்கள். முதலில் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதிவு செய்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழைக்கலாம், பணம் போயிருந்தால் அதற்கு உடனே. பிறகு எழுத்துப்பூர்வமான புகாரோடு ஸ்டேஷனுக்குப் போங்கள், எங்கள் எல்லை இல்லை என்று அனுப்ப முடியாது, எந்த ஸ்டேஷனிலும் பதிய வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ம் பிரிவு சொல்கிறது. மின்னஞ்சலிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பின்தொடர்ந்து தொல்லை என்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 78, பெயர் மறைத்து மிரட்டினால் 351(4), ஆபாசம் என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, பிரிவுகளைப் புகாரிலேயே எழுதிவிட்டால் பேச்சு கொஞ்சம் மாறும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பதிய மறுத்தால் அதே புகாரை எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம், அதற்கு நான் வருகிறேன்.